மிஷினுக்கு என்ன கோத்திரம்?

கற்பூரமும் கிரீஸும் சேர்ந்து எழுப்பும் வாசனை ஒன்று உண்டு. அது கோயிலின் வாசனை இல்லை, பட்டறையின் வாசனையும் இல்லை. சாமியும் மெக்கானிக்கும் ஒரே துணியில் கை துடைத்துக்கொண்டால் அந்தத் துணி எப்படி மணக்குமோ, அப்படி மணக்கும்.

சென்ற வாரம் ஸ்ரீரங்கத்தில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு கீழச் சித்திரை வீதியில் திரும்பியபோது அந்த வாசனை என்னைப் பிடித்து நிறுத்தியது. புத்தம் புது லோடு ஆட்டோ. கண்ணாடியில் சந்தனப் பொட்டு, முகப்பில் சாமந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஓட்டப்போகிறவர் சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

“கோத்திரம் சொல்லுங்கோ,” என்றார் பூஜை செய்தவர்.

நான் சிரித்துவிட்டேன். நடுத்தெருவில், தனியாக, கையில் கத்தரிக்காயுடன், சத்தமாக. ஆட்டோக்காரர் திரும்பி முறைத்தார். அண்ணே, இதைப் படிக்க நேர்ந்தால் மன்னியுங்கள். நான் சிரித்தது உங்கள் ஆட்டோவைப் பார்த்து இல்லை. அரியமங்கலத்தில் ஒரு மிஷினை நினைத்து.

கூரைக்கு முன்னால் ஒரு நிபந்தனை

அரியமங்கலத்தில் எங்களுக்கு ஒரு ஷெட் இருந்தது. காற்று ஒரு பக்கமாக அடித்தால் வெல்டிங் வாசனை. மறுபக்கமாக அடித்தால் குப்பைக்கிடங்கின் வாசனை. காற்று நின்றுவிட்டால் இரண்டும்.

நாங்கள் மூன்று பங்காளிகள். பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். பெரிய ஆலைகளுக்கு வேண்டிய சின்னச் சின்னத் தகட்டு வேலைகளை எடுத்துச் செய்தோம்.

ராகவன் ஸ்ரீரங்கத்துக்காரன். உத்தர வீதியில் வீடு. ஆர்டர் பிடிப்பது அவன் பொறுப்பு. எந்த அதிகாரியிடமும் பாசுரம் சேவிப்பது போலப் பேசுவான். அவர்களும் கேட்டு முடித்ததும் பிரசாதம் கொடுப்பது போல ஆர்டரைக் கொடுத்துவிடுவார்கள்.

அன்பழகன் லால்குடிப் பக்கத்துக் கிராமம். ஊரில் தேர் வராத தெருவில் பிறந்தவன். லேத், வெல்டிங், தகடு எல்லாம் அவன் கையில். தகட்டைத் தட்டிப் பார்த்து அதற்கு இன்றைக்கு மனசு சரியில்லை என்பான்.

நான் வரைபடம் போடுவேன். வரைபடத் தாளின் பின்பக்கம் கவிதை போடுவேன். ஒருமுறை அன்பு பின்பக்கத்தைப் பார்த்துத் தகட்டை வெட்டிவிட்டான் என்று ராகவன் இன்றும் சொல்லித் திரிகிறான். பொய். அப்படி வெட்டியிருந்தால் அந்தத் தகடு இன்னும் நன்றாக வந்திருக்கும்.

ஷெட்டுக்குக் கூரை ஏற்றிய அன்று, கம்பத்தில் சாய்ந்து டீயை ஊதிக்கொண்டே அன்பு சொன்னான்.

“எல்லாம் பேசியாச்சு. ஒண்ணே ஒண்ணு பாக்கி. இந்த ஷெட்டுக்குள்ள சாதிப் பேச்சு வரக் கூடாது. வந்துச்சுன்னா அன்னிக்கே நான் கெளம்பிடுவேன். கோவமா சொல்லலை. வேலை செய்யற எடத்துலயும் எனக்கு அந்த இம்சை வேணாம்.”

“சத்தியமா வராதுடா,” என்றான் ராகவன். நானும் தலையாட்டினேன்.

வரவும் இல்லை. பல வருஷங்கள். அரசியல் பேசினோம், கிரிக்கெட் பேசினோம், என் விவாகரத்தை ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசினோம். அது மட்டும் வரவில்லை. செருப்போடு சேர்த்து அதையும் வாசலில் கழற்றிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமிதம். கழற்றிய செருப்பை யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை, சாயங்காலம் மாட்டிக்கொண்டுதான் போகிறார்கள் என்பது மட்டும் ஏனோ உறைக்கவில்லை.

பி டைப் பெண் தள்ள, சி டைப் பெண் ஆட

மிஷின் வருவதற்குள் கொஞ்சம் கைலாசபுரம் போய்விட்டு வரலாம்.

சாதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். தொழிலிலிருந்து, நிறத்திலிருந்து, நிலத்திலிருந்து, அரண்மனையிலிருந்து, கடவுளின் உடம்பிலிருந்து. யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது பிறப்பதை ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் வளர்ந்த கைலாசபுரம் ஆலைக் குடியிருப்பின் விளையாட்டுத் திடலில்.

ஆலையில் வேலை செய்கிறவர்களுக்குப் பதவியைப் பொறுத்து வீடு. ஏ டைப், பி டைப், சி டைப் என்று மேலே ஏறும். வீட்டைத்தான் பிரித்துக் கொடுத்தார்கள். மீதியை நாங்கள், குழந்தைகள், பார்த்துக்கொண்டோம். ஊஞ்சலில் சி டைப் குழந்தைகள் உட்காருவார்கள். பி டைப் குழந்தைகள் தள்ளிவிடுவோம். ஏன் என்று ஒருநாள் யாரோ கேட்டதற்கு, “உங்களுக்குத்தான் நல்லா தள்ள வரும்,” என்று ஒரு சி டைப் பெண் விளக்கம் கொடுத்தாள். எங்களுக்கும் அது பாராட்டாகத்தான் பட்டது. அன்று இன்னும் வேகமாகத் தள்ளினோம்.

என் அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்தது. ஞாயிற்றுக்கிழமை லாரியில் சாமான் ஏற்றி சி டைப்புக்குப் போனோம். திங்கட்கிழமை மாலை நான் ஊஞ்சலில் இருந்தேன். எனக்குத் தள்ள வராது, பிறவியிலேயே உட்காரத்தான் வரும் என்று செவ்வாய்க்கிழமைக்குள் மனதார நம்பியும் விட்டேன்.

அதிலாவது லாரி வந்தது. அப்பா ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், செய்தோம். சாதிக்கு லாரியும் வருவதில்லை, காலி செய்யச் சொல்லி நோட்டீஸும் வருவதில்லை. செத்தால்கூட, கொண்டுபோகிற சுடுகாடு எது என்று அதுதான் முடிவு செய்கிறது.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைப் படித்துவிட்டு என்னை அழைக்கிற வாசகர்கள் சிலர் இருக்கிறார்கள். “உங்களுக்குச் சொந்த ஊர் எதுங்க?” திருச்சி என்பேன். “அது சரிங்க, பூர்வீகம்?” அதுவும் திருச்சிதான். “குலதெய்வம் எந்தப் பக்கம்?” அவர்கள் பூகோளம் படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். கடைசியில், “சைவமா அசைவமா?” என்று கேட்டுவிட்டுக் கத்தரிக்காய்க்கு ஒரு பக்குவம் சொல்லிப் போனை வைத்துவிடுவார்கள்.

தும்பிக்கை ஆழ்வார்

தகடு வளைக்கிற புது மிஷின் வந்து இறங்கியது. பச்சை நிறம். பெரிய உருளைகள், நடுவில் ஒரு இடுக்கு. தூங்குகிற முதலை மாதிரி இருந்தது.

பூஜை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது ராகவன் இல்லை, அன்பு.

“பூஜை போடாம நான் சுவிட்சுல கை வைக்க மாட்டேன். விரலு என்னோடது.”

“நீதான் சாமியெல்லாம் கேள்வி கேப்பியேடா?” என்றேன்.

“சாமியோட எனக்கு என்ன சண்டை? நடுவுல நிக்கறவங்களோடதான்.”

நடுவில் நிற்பதற்கு ஆள் பிடித்து வந்தவன் ராகவன். கிச்சா வாத்தியார், அவனுக்குத் தூரத்து உறவு. எங்களைவிட வயதில் ரொம்பச் சின்னவர். பஞ்சகச்சம், பெரிய பைக், காதில் போன் பேசுகிற குமிழ். யாருடனோ பேசிக்கொண்டே இறங்கினார். எங்களிடம் பேசுகிறார் என்று நினைத்து நான் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன்.

“சீக்கிரம் உக்காருங்கோ. உறையூர்ல ஒரு சீமந்தம் எனக்காகக் காத்துண்டிருக்கு.”

மிஷின் மேல் அன்பு மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்திருந்தான். வாத்தியார் அதைப் பார்த்ததும் கை கூப்பி, “அடடா, தும்பிக்கை ஆழ்வார் ஏற்கனவே எழுந்தருளியிருக்காரே,” என்றார்.

அன்பு என் காதருகில் குனிந்தான். “யாரு அது ஆழ்வாரு? நான் பிள்ளையாரைத்தானே வெச்சேன்?”

“அவர்தான். ஸ்ரீரங்கத்துல அவருக்கு அந்தப் பேரு.”

“பிள்ளையாரே பேரை மாத்திக்கிட்டுத்தான் உள்ள போகணுமா?” என்று சொல்லி, தானே சிரித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

சங்கல்பம் தொடங்கியது. யாருக்காக, எந்த இடத்தில், எந்த நாளில் இந்தப் பூஜை என்று கடவுளுக்கு அறிவிக்கிற மந்திரம். பிரபஞ்சத்திலிருந்து புறப்பட்டு, நாவலந்தீவில் நுழைந்து, பாரத தேசத்தில் இறங்கி, காவிரியின் தென்கரையைப் பிடித்து, டவுன் பஸ் போல ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று நின்று அரியமங்கலத்துக்கு வந்து சேர்ந்தது. பிறகு வருஷம், மாசம், திதி, நட்சத்திரம். நானும் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பயணம் செய்தேன்.

பஸ் நின்றது.

“கோத்திரம்?”

குடுக்காததை எப்படித் தொலைக்கறது?



“ஸ்ரீவத்ஸம்,” என்று ராகவன் சொல்லிவிட்டான். தும்மல் வருவது போலத் தானாக வந்துவிட்டது. வந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அன்பைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அன்பு கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எதையும் கவனிக்காத வாத்தியார் என் பக்கம் திரும்பினார். “மாமி, உங்களோட கோத்திரம்? ஆத்துக்காரரோடதைச் சொல்லுங்கோ.”

“அதை அவர்கிட்டயே விட்டுட்டு வந்துட்டேன்.”

“புரியலை.”

“விவாகரத்து ஆயிடுச்சு.”

“ஓ. அப்போ தோப்பனாரோட கோத்திரம்?”

“அவர்தான் கல்யாணத்துல தாரை வார்த்துட்டாரே. நீங்கதானே வந்து, இனிமே இவ எங்க கோத்திரம் இல்லன்னு மந்திரம் சொல்ல வெச்சீங்க?”

“நான் இல்லை மாமி, வேற வாத்தியாரா இருக்கும்,” என்றார் அவர், குற்றம் சாட்டப்பட்டவர் போல. நெற்றியைத் தேய்த்தார். அவர் படித்த எதிலும் நான் இல்லை. ஸ்டாண்டிலிருந்து கிளம்பி, இன்னும் எந்த ஊரிலும் இறங்காத பயணி நான்.

“சரி, உங்களை அப்புறம் பாக்கலாம். அண்ணா, நீங்கோ?”

“எனக்கு இல்லைங்க,” என்றான் அன்பு.

“தெரியலைன்னா பரவால்லை. தெரியாதவாளுக்குன்னு பொதுவா ஒண்ணு வெச்சிருக்கா. அதைச் சொல்லிடலாம்.”

“தெரியாம இல்லைங்க. இல்லை. தெரியலைன்னா, இருந்து தொலைச்சுட்டோம்னு ஆயிடும். எங்களுக்குக் குடுக்கவே இல்லையே, குடுக்காததை எப்படிங்க தொலைக்கறது?”

குரல் உயரவில்லை. டீ ஊதிக்கொண்டே நிபந்தனை சொன்னானே, அதே குரல். இவன் போய்விடுவான். இந்த முதலை மட்டும் மிஞ்சும். அதை எப்படி எழுப்புவது என்று எனக்கும் தெரியாது, ராகவனுக்கும் தெரியாது. மிஷின் போகட்டும். காலையில் வந்ததும் திட்ட ஆள் வேண்டாமா?

ராகவன் பதறிப்போனான். பதறினால் அவன் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

“அன்பு, இது நீ நெனைக்கற மாதிரி இல்லைடா. கோத்ரம்னா ஒரிஜினல் அர்த்தம் மாட்டுக் கொட்டில். அவ்ளோதான். ஒரே கொட்டில்ல மாடு கட்டினவா எல்லாம் ஒரே கோத்ரம்.”

அன்பு மெல்லத் திரும்பினான். “மாட்டுக் கொட்டிலா?”

“ஆமா.”

“உங்க வீட்டுல மாட்டுக் கொட்டில் இருக்கா?”

“எங்காத்துலயா? இல்லை. பாக்கெட் பால்தான்.”

“உங்கப்பா காலத்துல?”

“அப்பவும் பால்காரர்தான் கொண்டுவந்து ஊத்துவார்.”

“வாத்தியாரே, உங்க வீட்டுல?”

“எனக்குப் பாலே ஒத்துக்காது,” என்றார் கிச்சா, வருத்தத்துடன்.

“எங்க வீட்டுல கொட்டிலு இருக்கு. சாணி அள்ளிட்டுத்தான் இன்னிக்குக் காலையில நான் குளிச்சேன். நெஜக் கொட்டில் வெச்சிருக்கறவனுக்குக் கோத்திரம் கிடையாது, பாக்கெட் பாலுக்கு ஸ்ரீவத்ஸமா?”

நான் சிரித்துவிடக்கூடாது என்று முந்தானையைக் கடித்தேன். ராகவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“அதில்லைடா, ஆதியில இது வெறும் வேலைப் பிரிவு. ஒரு பெரிய உடம்பு மாதிரி. முகத்துலேர்ந்து சில பேர், தோள்லேர்ந்து சில பேர், தொடை, பாதம். எல்லா அவயவமும் சேர்ந்தாத்தானே ஒரு உடம்பு?”

“முகம், தோளு, தொடை, பாதம்.” அன்பு விரல் விட்டான். “அதுல எங்க தெரு எங்க வருது?”

ராகவன் அரிசித் தட்டை நகர்த்தி வைத்தான்.

“வராது. எனக்குத் தெரியும், நானும் படிச்சிருக்கேன். அந்த உடம்புலயே நாங்க இல்லை. வெளிய நின்னுக்கிட்டு இருந்தோம். ஒண்ணு சொல்லட்டுமா? எங்க ஊருல எந்த வீட்டுல பிரசவம்னாலும் எங்க ஆயாவைத்தான் கூட்டிட்டுப் போவாங்க. இவ்ளோ பேரு மொகத்துலேர்ந்தும் தொடையிலேர்ந்தும் பொறந்திருக்கீங்களே, அன்னிக்குப் பிரசவம் பாத்தது யாரு? எங்க ஆளுங்களாத்தான் இருக்கும்.”

வாத்தியார் வாய் விட்டுச் சிரித்தார். காதிலிருந்த குமிழ் அரிசித் தட்டில் விழுந்தது.

“என்னோடதையே உனக்கும் சொல்லச் சொல்றேன்டா,” என்றான் ராகவன், கெஞ்சுவது போல.

“என்னைத் தத்து எடுக்கறதுக்கு முன்னாடி எங்கம்மாவை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?” என்று சொல்லி, அன்பு அப்போதே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

“அம்மா, நம்ம கோத்திரம் என்னம்மா?”

“போட்டுட்டேன்டா.”

“என்ன போட்ட?”

“மாத்திரைதானே கேட்ட? வெள்ளை ஒண்ணு, செகப்பு ஒண்ணு.”

“மாத்திரை இல்லம்மா. கோத்திரம், கோத்திரம்!”

“அது ராத்திரிக்குத்தானே? டாக்டரு காலையில சொல்லலையே? நீ என்னத்தையாவது மாத்திச் சொல்லித் தொலைக்காத. போனை வையி.”

வைத்துவிட்டார்.

வெறும் பெயர்கள்

நாங்கள் நால்வரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்த அன்பு எழுந்து நின்றான். பழந்துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தான். அவன் அப்படித் துடைத்தால் அன்றைய வேலை முடிந்தது, வீட்டுக்குக் கிளம்புகிறான் என்று அர்த்தம். ராகவனுக்கும் அது தெரியும். அவன் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துவிட்டது.

“வாத்தியாரே,” என்றான் அன்பு. “கோத்திரம் சொல்லலைன்னா என்ன ஆகும்?”

“என்ன ஆகும்னா... அட்ரஸ் இல்லாத கூரியர் மாதிரி ஆயிடும். யாரோட பூஜைன்னு பகவானுக்குத் தெரிய வேண்டாமா?”

“தீவு சொன்னீங்க. தேசம் சொன்னீங்க. ஆத்துக்கு எந்தக் கரைன்னு சொன்னீங்க. திதி, நட்சத்திரம் எல்லாம் சொன்னீங்க. இதுக்கு மேலயும் எங்க மூணு பேரைக் கண்டுபுடிக்க முடியலைன்னா, உங்க பகவான் வேலைக்குப் புதுசுங்களா?”

கிச்சா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். கேலியை வாங்கி அப்படியே திருப்பித் தராமல், உள்ளே எடுத்துக்கொண்டு போய் வைத்துப் பார்க்கிற முகம் அது. “நியாயமாத்தான் இருக்கு,” என்றார். “ஆனா இவரோடதைச் சொல்லியாச்சே.”

“என்னோடதை எடுத்துடு கிச்சா,” என்றான் ராகவன்.

“உங்க தோப்பனாருக்குத் தெரிஞ்சா?”

ஸ்ரீவத்ஸம் என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ராகவனின் அப்பா, அவருக்கு அப்பா, அவருக்கும் அப்பா என்று பனிமூட்டம் வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்றிருக்க வேண்டும். அவன் பூணூலைப் பிடித்துக்கொண்டிருந்தான், பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போல.

“எடுத்துடுன்னு சொன்னேனே.”

வாத்தியார் மந்திரத்தை அரியமங்கலத்திலிருந்து மறுபடி எடுத்தார். கோத்திரம் வருகிற இடத்தில் அவர் நாக்கு பழக்கத்தில் ஒருமுறை தடுக்கியது. தாண்டினார். பிறகு எங்கள் பெயர்கள். ராகவன், வசந்தி, அன்பழகன். முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. சட்டை கழற்றி ஆற்றில் இறங்கிய மூன்று பேர் போல, கொஞ்சம் குளிராக, கொஞ்சம் கூச்சமாக, அந்தப் பெயர்கள் ஷெட்டுக்குள் நின்றன.

அன்பு பழந்துணியைக் கீழே போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினான். முதலை விழித்தது. உருளைகளுக்கு நடுவில் வைத்திருந்த எலுமிச்சம்பழம் சப்பென்று நசுங்கி, வாத்தியாரின் பஞ்சகச்சத்தில் முழுச் சாறும் தெறித்தது.

“சீமந்தத்துக்கு நான் இப்படியே போகணுமா?” என்று அலறினார்.

“கர்ப்பிணிக்குப் புளிப்பு புடிக்கும், போங்க,” என்றான் அன்பு.

ஷட்டர் இறங்கியது

அன்று முழுக்க அன்பு வேலை செய்தான். தகடுகள் அப்பளம் போல வளைந்தன. ராகவன் மட்டும் எடுத்ததையே எடுத்து, வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் ஷட்டரை இழுத்துப் பூட்டினோம். காற்று குப்பைக்கிடங்குப் பக்கம் திரும்பியிருந்தது. நானும் ராகவனும் ஸ்ரீரங்கம் பக்கம் போக வேண்டும், அன்பு லால்குடி ரோட்டில். அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். ராகவன் அதன் முன்னால் போய் நின்றான்.

“அன்பு. சத்தியம் பண்ணினவன் நான். அந்தப் பேச்சு வந்தா கெளம்பிடுவேன்னு நீயும் சொல்லியிருக்க. நாளைக்கு வருவியா?”

“அதைத்தான் இன்னிக்கு முழுக்க யோசிச்சுக்கிட்டு இருந்தேன்,” என்றான் அன்பு. “வாத்தியாரைக் கூட்டிட்டு வந்தது யாரு?”

“நான்தான்.”

“முதல்ல வாயைத் தொறந்தது யாரு?”

“நான்தான்டா.”

“இந்த ஷெட்டுல இருக்கற ஒவ்வொரு ஜாயிண்ட்டும் நான் வெல்டு வெச்சது. நான் எதுக்குக் கெளம்பணும்? இத்தனை வருஷமா நாங்க கெளம்பினதெல்லாம் போதும். போக வேண்டியவன் நீதான். போ.”

ராகவன் அசையவில்லை. அவன் தோளில் தொங்கிய பை நழுவி முழங்கைக்கு வந்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றான். அன்பு வண்டியை உதைத்துக் கிளப்பினான். ஒரு சுற்றுச் சுற்றி, ராகவனின் பக்கத்தில் வந்ததும் பிரேக் போட்டு, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்:

“போயிட்டு வா.”